வாரிசு இல்லாதவருக்கு ஒரு நிமிடம்

சமையலறையில் அத்தை போட்டு உடைத்ததை மகள் இன்னும் பொறுக்கி முடிக்கவில்லை.

உடைந்தது பீங்கான் இல்லை, பரம்பரை. ஏழு சகோதரர்கள் ஒரே கப்பலில் வந்து இறங்கினார்கள், ஆறு பேர் திரும்பிப் போனார்கள், ரோஷக்காரரான கடைக்குட்டி மட்டும் தங்கிவிட்டார், நம் குடும்பப் பெயர் அவர் வழியாக வந்தது என்று விவரம் தெரிந்த நாளிலிருந்து அவள் கேட்டு வளர்ந்த கதை. அதை அத்தை வெங்காயம் நறுக்கிக்கொண்டே முடித்து வைத்துவிட்டாள்.

"ஏழு பேரும் இல்ல, கடைக்குட்டியும் இல்ல. உங்கப்பனுக்கும் எனக்கும் தாத்தா, அந்தப் பேருக்காரங்க வீட்டுச் சமையல்காரருடி."

எஜமானர் குடும்பம் ஊரைக் காலி செய்துகொண்டு கப்பலேறியது. பாத்திரம் பண்டம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனார்கள். எடுத்துக்கொண்டு போன பிறகும் வீட்டிலேயே மிச்சம் இருந்தது பெயர் ஒன்றுதான். பஞ்சம் தலைவிரித்தாடிய வருஷம் அது. பெரிய வீட்டுப் பெயரைச் சொன்னவர்களுக்குத்தான் தானியம் அளந்து போட்டார்கள். சமையல்காரர் வரிசையில் நின்று அந்தப் பெயரைச் சொன்னார். சொன்னது ஒட்டிக்கொண்டது. பிறகு அவர் ஊர் மாறினார், பிள்ளைகள் இன்னொரு ஊர் மாறினார்கள். ஒவ்வொரு முறை பெட்டி கட்டும்போதும் பெயருக்கு ஒரு சுற்று சதை போட்டது. பேரன் காலத்தில் அதற்குச் சிங்கமும் கப்பலும் முளைத்துவிட்டன.

"அப்பாவுக்கு இது தெரியுமா அத்தை?"

"தெரியாமலா இவ்வளவு சத்தமாப் பேசுறான்?"

அது வியாழக்கிழமை. இன்று ஞாயிறு. குடும்ப விழா.

*

அப்பாவை ஊரில் 'ஷீல்டு' என்றால்தான் தெரியும். கேடயம், கோப்பை, பதக்கம், பெயர்ப்பலகை எல்லாம் செய்து தரும் கடை. கடையின் உள்சுவர் முழுக்க அவர் வாங்கிய விருதுகள். சிறந்த குடிமகன், சிறந்த வணிகர், மனிதநேய மாமணி. எந்தச் சங்கம் விழா நடத்தினாலும் கேடயம் இவரிடம்தான் வாங்க வேண்டும். வாங்குகிறவர்கள் ஒரு கேடயத்தை இவருக்கே திருப்பிக் கொடுத்துவிட்டால் விலையில் கொஞ்சம் குறையும். ஆகவே தனக்குத் தரப்போகும் விருதைத் தானே செதுக்கி, தானே பாலீஷ் போட்டு, மேடையில் அதைப் பார்த்துத் தானே ஆச்சரியப்படுகிற பழக்கம் அவருக்கு வெகு நாளாக உண்டு.

குடும்பச் சின்னத்தையும் அவரே வரைந்தார். கப்பல் மேல் ஒரு சிங்கம்.

"சிங்கத்துக்கு ஜலதோஷம் பிடிச்ச மாதிரி இருக்குங்க" என்று அம்மா சொன்னாள்.

"கடல் காத்துல நிக்குது, அப்படித்தான் இருக்கும்" என்றார் ஷீல்டு.

கடைக்கு மேலே உள்ள ஹாலில் இன்று வம்சப் பலகை திறப்பு. ஒரு கதவு அகலத்துக்குப் பித்தளை. உச்சியில் சிங்கம், கீழே கப்பல், கப்பலிலிருந்து கிளைவிட்டு இறங்கும் வம்சம். ஒவ்வொரு பெயரையும் செதுக்கியது மகள்தான். எந்திரம் அவள் பொறுப்பு. வியாழக்கிழமைக்கு முன்பே செதுக்கி முடித்திருந்தாள். அதுதான் இப்போது தொண்டையில் முள்ளாய் நிற்கிறது.

முள் அது ஒன்று மட்டும் இல்லை. சிறப்பு விருந்தினரைத் தேடிப் பிடித்ததும் அவள்தான். அப்பாவுக்கு ஓர் இன்ப அதிர்ச்சி தரலாமென்று, அதே குடும்பப் பெயர் உள்ளவர்கள் உலகத்தில் எங்கெல்லாம் இருக்கிறார்கள் என்று கணினியில் துழாவியபோது கடல் கடந்து ஒரே ஒருவர் சிக்கினார். பள்ளியில் வேதியியல் சொல்லித்தருகிற டீச்சர். அசல் பெயர்க்காரி. "கண்டிப்பாக வருகிறேன், எனக்கும் அங்கே ஒரு வேலை இருக்கிறது" என்று பதில் போட்டார். நேற்று வந்து இறங்கியும்விட்டார்.

காலையில் டீச்சர் கடைக்குள் நுழைந்தபோது, ஷீல்டு வாசல்வரை ஓடிப்போய் வரவேற்றார்.

"வா தங்கச்சி, வா! நீ ஆறு பேர்ல ஒருத்தர் வழி, நாங்க ஏழாவது. ரத்தம் எப்படி இழுக்குது பாரு!" என்றவர் மகள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, அக்கா அக்காங்கறே? அத்தைன்னு கூப்பிடு!"

"வாங்க... அத்தை" என்றாள் மகள். உறவுமுறை சொல்லும்போதே நாக்கு கூசியது.

டீச்சர் ஸ்டூலில் உட்கார்ந்தார். கைப்பையை மடியில் வைத்து அதன் கொக்கியைத் திறந்து திறந்து மூடினார்.

"அண்ணே, எங்க வீட்ல எல்லாரும் கப்பலேறிட்டோம், ஒருத்தரும் தங்கலன்னுதான் சொல்வாங்க. கடைக்குட்டி தங்கினது எங்களுக்குத் தெரியாம இருந்திருக்கலாம். அது இருக்கட்டும். நான் வந்தது வேற ஒருத்தரைத் தேடி."

"யாரை?"

"எங்க வீட்டுச் சமையல்காரரை."

மகள் கையில் பாலீஷ் துணி இருந்தது. ஒரு கோப்பையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"எங்கப்பா படுத்த படுக்கையா இருந்தப்பதான் சொன்னாரு. கப்பல் தள்ளி நின்னுச்சாம், ஆளை ஏத்திட்டுப் போறது ஒரே ஒரு படகு. சமையல்காரரையும் அவர் பெண்டாட்டி பிள்ளைங்களையும் கூட்டிட்டுப் போறதா வாக்கு. கடைசி நிமிஷத்துல அவங்க இடத்துல பியானோவை ஏத்திட்டாங்க."

"பியானோவா?" என்றாள் மகள்.

"ஆமாம்மா. அடுத்த நடையில கூப்பிட்டுக்கறோம்னு கரையில நிக்க வெச்சாங்க. அடுத்த நடைன்னு ஒண்ணு வரவே இல்ல. அந்தப் பியானோ இன்னும் எங்க வீட்லதான் இருக்கு. ஒருத்தருக்கும் வாசிக்கத் தெரியாது. இஸ்திரி போட்ட துணியை அது மேலதான் அடுக்குவோம்."

டீச்சரின் குரல் இறங்கிவிட்டது.

"எனக்குப் பெருமை ஒண்ணும் வேண்டாம்ண்ணே. அவர் பேரன் பேத்தி யாராவது இருந்தா, கையைப் பிடிச்சு ஒரு மன்னிப்பு கேக்கணும். நீங்க இங்கேயே இருந்த குடும்பம், உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமேன்னு..."

தேடி வந்த மன்னிப்பு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தது. ஷீல்டு கையை நீட்டினால் போதும். மூன்று தலைமுறையாகக் கரையில் நின்ற கால்வலி தீர்ந்திருக்கும்.

அவர் தொண்டையைச் செருமினார்.

"கேள்விப்பட்டிருக்கேன். நல்ல விசுவாசமான ஆளாம். எங்க பெரியவங்க சொல்வாங்க. பாவம், குழந்தைங்க ஒண்ணும் தங்கல. வாரிசு கிடையாது. அப்படியே போய்ச் சேர்ந்துட்டாரு."

ஒரே மூச்சில் தன் தாத்தாவை வாரிசு இல்லாதவராக்கி, தன் அப்பாவைப் பச்சைக் குழந்தையாகவே சாகடித்து, தன்னையும் பிறக்கவிடாமல் செய்துவிட்டார். சட்டைப்பை மேல் குத்தியிருந்த சிங்கச் சின்னம் மட்டும் அசையாமல் பளபளத்தது.

"அப்பா..." என்றாள் மகள்.

"நீ அந்தக் கோப்பையைத் துடைம்மா."

துடைத்தாள். கோப்பையின் வயிற்றில் அவள் முகம் அகலமாக, அசடாகத் தெரிந்தது. இன்னும் அழுத்தித் துடைத்தாள். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். இரண்டு பெண்கள் எதிரெதிரே துடைத்துக்கொண்டிருக்க, ஷீல்டு மேலே நாற்காலி போட்டாகிவிட்டதா என்று பார்க்கப் போய்விட்டார்.

இப்போது சொல்லியிருக்கலாம். டீச்சர் ஒரு தம்ளர் தண்ணீர் கேட்டபோது சொல்லியிருக்கலாம். "அப்ப நான் லேட்டா வந்துட்டேன்" என்று அவர் முனகியபோதாவது சொல்லியிருக்கலாம். மகள் தண்ணீர் கொடுத்தாள். "ஜில்லுன்னு வேணுமா அத்தை?" என்று வேறு கேட்டாள்.

*

மேலே ஹால் நிறைந்திருந்தது. குடும்பப் பெயர் உள்ளவர்கள் எல்லாரும் முன்வரிசை, பெண் கொடுத்தவர்களும் எடுத்தவர்களும் பின்வரிசை என்று ஷீல்டு ஏற்பாடு. எல்லார் மார்பிலும் சளி பிடித்த சிங்கம்.

மூத்த மாப்பிள்ளை மைக்கைத் தட்டிப் பார்த்தார். ஷீல்டு எழுந்தார்.

"அலைகளைக் கிழித்துக்கொண்டு வந்தது எங்கள் குடும்பப் பெயர்! புயலுக்கு அஞ்சாத ஏழு சிங்கங்கள்! ஒருவரிடமும் கைகட்டி நில்லாத வம்சம்! இந்த வம்சத்தில் பிறந்த எவரும் இன்றுவரை இன்னொருவர் வீட்டு அடுப்படியை எட்டிப் பார்த்ததில்லை!"

"அவங்கவங்க வீட்டு அடுப்படியையும் பார்த்ததில்ல" என்று அம்மா பக்கத்து நாற்காலியிடம் சொன்னாள்.

கைதட்டல். திரை விலகியது. பித்தளை கண்ணைக் கூசவைத்தது. இன்னும் கைதட்டல். தன் பெயர் எங்கே என்று தேடிக் கண்டுபிடித்தவர்கள் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு இடத்துக்குத் திரும்பினார்கள்.

அடுத்து டீச்சர். காலையில் கடையில் சொன்னதையே சொன்னார். படகு, கரை, பியானோ. சுற்றி வளைக்காமல், தன் குடும்பத்துக்குச் சப்பைக்கட்டு கட்டாமல் சொன்னார்.

"அவருக்கு வாரிசு யாருமில்லன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். மன்னிப்பு கேக்க ஆளில்ல. அதனால நீங்க எல்லாரும் எங்கூட ஒரு நிமிஷம் எழுந்து நிக்கணும். அவருக்காக."

ஷீல்டு முதலில் எழுந்தார். எழாவிட்டால் சந்தேகம் வரும் என்பதால் மற்றவர்களைவிட விறைப்பாக எழுந்தார். மொத்தக் குடும்பமும் எழுந்தது.

மகள் மேடை ஓரத்தில் நின்றிருந்தாள். நன்றியுரை அவளுடையது. அங்கிருந்து பார்த்தபோது, குனிந்த தலைகளின் இரண்டு பக்கமும் காதுகள் தெரிந்தன. குடும்பத்துக்கே அந்தக் காதுதான், பக்கவாட்டில் விரிந்து நிற்கும் காது. 'கப்பல் காற்றை வாங்கிய காது' என்று அப்பா அதற்கும் ஒரு பெருமை வைத்திருந்தார். டீச்சரைப் பார்த்தாள். கப்பலில் நிஜமாகவே போன குடும்பத்தின் காது, சிறியதாய், தலையோடு படிந்து கிடந்தது.

வரிசை வரிசையாக அந்தச் சமையல்காரரின் காதுகள். சித்தப்பா காது, அண்ணன் காது, கைக்குழந்தையின் காது. வாரிசே இல்லாமல் செத்துப்போனவருக்காக அவர் வாரிசுகள் தலை குனிந்து நின்றார்கள். ஒரு சித்தப்பா உணர்ச்சிவசப்பட்டு மூக்கை உறிஞ்சினார்.

எழாமல் இருந்தது ஒருத்திதான். முன்வரிசையில் அத்தை, கையைக் கட்டிக்கொண்டு, நாற்காலியில் ஆணி அடித்த மாதிரி.

மாப்பிள்ளை குனிந்து கிசுகிசுத்தார். "பெரியம்மா, எழுந்திருங்க."

"முட்டி வலி."

"இப்பதானே மாடிப்படி ஏறி வந்தீங்க?"

"ஏறினதுலதான்டா வலி."

தலை குனிந்தபடியே ஷீல்டு அக்காவை முறைத்தார். அக்கா தம்பியைத் திருப்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார். அவருக்காக அவள் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தாள். ஷீல்டின் காது நுனி சிவந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

டீச்சர் மட்டும் கண்ணைத் திறந்து, உட்கார்ந்திருந்த கிழவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நிமிடம் முடிந்தது. நன்றியுரையில் மகள் நாற்காலி போட்டவர்களுக்கு நன்றி சொன்னாள், மைக் கட்டியவருக்கு நன்றி சொன்னாள். அதற்கு மேல் வாய் வரவில்லை.

*

எல்லாரும் பிஸ்கட்டும் டீயுமாக இருந்தபோது டீச்சர் மகளின் முழங்கையைத் தொட்டார்.

"உன்னால ஒரு உதவி ஆகணும்மா. சின்னதா ஒரு தகடு. அவர் பேர் போட்டு. ஊருக்கு எடுத்துட்டுப் போய் அந்தப் பியானோ மேல வைக்கணும். இனிமே அது மேல துணி அடுக்கக் கூடாது."

கீழே கடையைத் திறந்தாள். உள்ளங்கை அளவு பித்தளை ஒன்றை எடுத்து, எந்திரத்தின் பிடியில் பூட்டினாள். ஊசியை இறக்கிச் சரிபார்த்தாள். வாடிக்கையாளர் வாயிலிருந்து பெயர் வராமல் ஊசி பித்தளையைத் தொடக்கூடாது, அது கடைச் சட்டம்.

"பேரு சொல்லுங்க."

டீச்சர் வாயைத் திறந்தார். மூடினார். முகம் மெல்ல மெல்லக் கறுத்தது.

"எங்கப்பா சமையல்காரன்னுதான் சொன்னாரு."

"கூப்பிடுறதுக்கு ஒரு பேர் இருந்திருக்குமே?"

"கை தட்டிக் கூப்பிடுவாங்களாம்மா."

எந்திரம் வெறுமனே உறுமிக்கொண்டிருந்தது. மகள் தன் பக்கம் தேடிப் பார்த்தாள். அத்தை 'தாத்தா' என்றுதான் சொன்னாள். மேலே தொங்குகிற பித்தளையில் ஏழு சகோதரர்களின் பெயரையும் சுழி சுழியாகச் செதுக்கியவள் அவள். பிறக்கவே பிறக்காத ஏழு பேர். உண்மையில் பிறந்து, சமைத்து, கரையில் நின்று, வரிசையில் நின்று, தன்னை இந்த உலகத்துக்குக் கொண்டுவந்து சேர்த்த ஒரு மனிதரின் பெயர் அவளுக்குத் தெரியாது. அந்த வீட்டுக்காரர்கள் அதைக் கேட்கவில்லை. இந்த வீட்டுக்காரர்கள் அதை வைத்துக்கொள்ளவில்லை.

ஊசியை மறுபடி மேலே ஏற்றினாள்.

"எங்க அத்தைக்குத் தெரியும்" என்றாள்.

"உட்கார்ந்தே இருந்தாங்களே, அவங்களா? அவங்களுக்கு எப்படி?"

"அவர் கையால சாப்பிட்டு வளர்ந்தவங்க." நிறுத்தினாள். நிறுத்தினால் இன்னொரு கோப்பையை எடுத்துத் துடைக்கத்தான் தோன்றும். "அவங்களுக்குத் தாத்தா அவரு. எங்கப்பாவுக்கும்."

டீச்சர் ஸ்டூலைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார்.

"அப்ப காலையில அண்ணன் சொன்னது..."

"பொய். நான் பக்கத்துலதான் நின்னேன். துடைச்சுக்கிட்டே நின்னேன். வியாழக்கிழமையே எனக்குத் தெரியும். நீங்க அழுதீங்க, நான் தண்ணி ஜில்லுன்னு வேணுமான்னு கேட்டேன்."

டீச்சர் எட்டி அவள் கையைப் பிடித்தார். மன்னிப்புக் கேட்க வந்தவர் கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டியவளும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான்.

"தங்கச்சி! எங்கே போயிட்டே? குரூப் போட்டோவுக்கு நடு நாற்காலி உனக்குத்தான்..."

ஷீல்டு கடை வாசலில் நின்றார். பிடியில் பூட்டிய வெறும் பித்தளையைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பிடித்திருந்த கைகளைப் பார்த்தார். சுவர் முழுக்க இருந்த விருதுகள் அவரைப் பார்த்தன.

"என்னம்மா சொன்னே?"

"எல்லாத்தையும்பா."

அவர் கத்துவார் என்று மகள் எதிர்பார்த்தாள். கத்தவில்லை. சட்டைப்பையைத் தொட்டு, சிங்கத்தைக் கழற்றி உள்ளங்கையில் மூடிக்கொண்டார். திருட்டுப் பொருளோடு பிடிபட்டவர் மாதிரி இருந்தது.

டீச்சர் எழுந்தார். "அண்ணே, ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன். அவர் பேரு என்ன?"

மைக் இல்லாமலேயே தெருமுனைவரை கேட்கும் குரல் அவருடையது. இப்போது எந்திரத்தின் உறுமலுக்குக் கீழே போய்விட்டது. மகள் இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். சொன்னார். சின்னப் பெயர். சாதாரணப் பெயர். ஊருக்குப் பத்துப் பேருக்கு இருக்கக்கூடிய பெயர். அதைச் சொல்லும்போது அவர் முகம் பள்ளிக்கூடத்துப் பையன் முகமாகிவிட்டது.

"என்னைத் தோள்ல தூக்கிட்டுப் போவாரு" என்றார். யாரும் கேட்காமலேயே சொன்னார். "மேலெல்லாம் அடுப்புப் புகை வாசனை. பள்ளிக்கூட வாசல்ல இறக்கிவிடும்போது பசங்க பார்த்துடக் கூடாதேன்னு, ஒரு தெரு முன்னாடியே இறக்கிவிடச் சொல்வேன். சரிப்பான்னு இறக்கிவிட்டுடுவாரு."

டீச்சர் கண்ணை உயர்த்தி மாடியைப் பார்த்தார்.

"மேல எழுந்து நின்னாங்களே, அவங்களுக்குத் தெரியுமா, யாருக்காக நின்னோம்னு?"

பதிலுக்குப் படிக்கட்டு பேசியது. மேலேயிருந்து மொத்தக் குடும்பமும் இறங்கிக்கொண்டிருந்தது. சிரிப்பு, செருப்புச் சத்தம், "வெளிச்சம் போறதுக்குள்ள எடுத்துடலாம்" என்று யாரோ அவசரப்படுத்தும் குரல். வாசல் வழியாகத்தான் அவர்கள் போயாக வேண்டும்.

"ஷட்டரை இறக்கும்மா" என்றார் ஷீல்டு. அதட்டல் இல்லை. கெஞ்சல்.

ஷட்டர் இழுக்கும் கம்பி அவள் பக்கத்திலேயே சாய்ந்திருந்தது. அவள் ஊசியை இறக்கினாள். பித்தளையிலிருந்து பொன் நிறத்தில் சுருள் சுருளாய்ச் சீவல் எழுந்தது. முதல் எழுத்து விழுந்தது. இரண்டாவது விழுந்தது.

மாப்பிள்ளைதான் முதலில் வந்தார், கையில் பாதி பிஸ்கட்டோடு. பின்னாலேயே சித்தப்பா, அண்ணன், அவர்கள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்த காதுகள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு அத்தை, முட்டி வலி மறந்த வேகத்தில்.

மாப்பிள்ளை எந்திரத்தின் மேல் குனிந்து, ஓடிக்கொண்டிருந்த எழுத்துகளைக் கூட்டிப் படித்தார்.

"இது யாரு மாமா?"

ஷீல்டு வாயைத் திறந்தார்.

பதில் எல்லார் காதிலும் விழ வேண்டுமே என்று மகள் எந்திரத்தை நிறுத்தினாள்.